சீக்கிரத்துக்குப் பயந்தவர்

எங்கள் குழுவில் அவருக்குப் பஃபரிங் சார் என்று பெயர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ வைத்தது. வீடியோ கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டால் அவரிடமிருந்து உடனே பதில் வராது. கேமராவும் போடமாட்டார். இணைப்பு போய்விட்டதா, ஆள் எழுந்து போய்விட்டாரா என்று மற்றவர்களுக்குப் புரியாது. “சார், லைன்ல இருக்கீங்களா?” என்று யாராவது கேட்பார்கள். “இருக்கேன்” என்பார். அதற்குப் பிறகும் சற்று நேரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வருவார்.

பதில் சொல்வதில் மட்டுமில்லை, கேட்பதிலும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினாலும், முடித்துவிட்டார் என்று அவர் நம்பமாட்டார். இன்னும் ஏதாவது மிச்சமிருக்கும், வரட்டும் என்று இருப்பார். பல பேருக்கு அது எரிச்சல். எனக்கு அது பிடித்திருந்தது. நான் கீழ்பென்னாத்தூரில் தமிழில் படித்து வந்தவள். ஆங்கிலத்தில் பேசும்போது பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவேன். உடனே யாராவது ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்து, கூடவே என் யோசனையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் ஒருவர்தான் நான் முடிக்கும்வரை இருந்தார்.

எங்கள் கம்பெனி பெங்களூரில் இருந்தது. நியூரல் நெட்வொர்க் கணக்குகளை மட்டும் போடுவதற்கென்று ஒரு சிப் செய்துகொண்டிருந்தோம். சாதாரண சிப் விரல் நகம் அளவு இருக்குமென்றால் இது உள்ளங்கையை மூடும். அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்கு அறைகள். ஒவ்வொன்றும் ஒரு எண்ணைக் கணக்கிட்டுப் பக்கத்து அறைக்குத் தள்ளும். எல்லா அறைகளும் ஒரே தாளத்தில் தள்ள வேண்டும். அந்தத் தாளத்தைக் கொடுக்கும் கடிகாரத் துடிப்பு சிப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதற்குள் கொஞ்சம் பின்தங்கும். சூடானால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் ஒரு மாதிரி. எந்த எண் எப்போது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. செய்து முடித்த சிப்பைச் சோதிப்பது என்னுடையது.

அவர் எங்கே இருந்து வேலை செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. சென்னையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு பௌர்ணமி அன்று மாலைக் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. வேலூர் வண்டிகள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், கூட்டத்தில் பிரிந்து வந்த ஒரு அம்மா அடி அண்ணாமலை உதவி மையத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துப் போக வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. நாங்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்தோம்; நானும் வீட்டிலிருந்துதான் வேலை செய்தேன். கூட்டம் முடிந்ததும் சாருக்குத் தனியாகப் போன் செய்து, சார் நீங்க திருவண்ணாமலையா என்று கேட்டேன்.

வழக்கமான அந்த இடைவெளி. பிறகு, “என் வீட்டம்மா ஊரு. நீங்க?” என்றார். சொன்னேன். அவர் சிரித்து அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போனேன். கிரிவலப் பாதையை விட்டு உள்ளே போகும் தெருவில், பின்பக்கம் மலை தெரியும் சின்ன வீடு. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே, மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். கேட்டைத் திறந்துவிட்டு, நான் ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைப் பூட்டி, பையைத் தோளில் மாட்டும்வரை ஒன்றும் பேசாமல் நின்றார். அதற்குப் பிறகுதான் வாங்க என்றார்.

உள்ளே அவர் மனைவி சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். வாதம் வந்து வலது கையும் பேச்சும் போய், பேச்சு மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது. அவருக்காகத்தான் இருவரும் பெங்களூரை விட்டு இங்கே வந்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. “நீங்க... எந்த...” என்று ஆரம்பித்து நின்றார். சமையலுக்கு வரும் அக்கா உள்ளிருந்தே, ஊரா என்று கேட்டார். அவர் தலையை ஆட்டி இல்லை என்றார். அக்கா விடவில்லை. தெருவா, கம்பெனியா, சாதியா என்று ஒவ்வொன்றாகப் போட்டார். அம்மா வாயை மூடிக்கொண்டார். கண்கள் கலங்கின.

“அக்கா, இருங்க” என்றார் சார்.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த நேரம் மிக நீளமாக இருந்தது. தெருவில் ஒரு டெம்போ போனது. எங்கோ மயில் அகவியது. “...காலேஜ்” என்றார் அந்த அம்மா. நான் என் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். அந்தக் கல்லூரிக்குத் தேர்வு கண்காணிக்க வந்திருக்கிறாராம். அதைச் சொல்லி முடிக்க நான் டீ குடித்து முடிக்கும் நேரம் ஆனது. சொல்லி முடித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

வாசல்வரை வந்த சாரிடம், நீங்க ஏன் சார் அவங்களப் பார்க்கல என்று கேட்டுவிட்டேன்.

“வாயப் பாத்துட்டே இருந்தா அவளுக்கு அவசரம் வந்துடும்மா. நாமளா ஒரு வார்த்த குடுத்தா, அவ தேடிட்டிருந்தது காணாமப் போயிடும். அப்புறம் அது திரும்ப வராது.” கொஞ்ச நேரம் கழித்து, “வந்துடும். எப்படியும் வந்துடும்” என்றார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு போவேன். வேர்க்கடலை அறுவடையானால் அப்பா அனுப்புவதில் ஒரு பை எடுத்துப் போவேன். அந்த அம்மாவுக்கு வேகவைத்த கடலை பிடிக்கும். சார் ஒவ்வொன்றாக உரித்துத் தட்டில் வைப்பார். அந்த அம்மா எடுத்துத் தின்று முடித்த பிறகுதான் அடுத்ததை வைப்பார். எனக்குப் பொறுமை போய்விடும். பத்துப் பதினைந்தைக் குவித்து வைப்பேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்குக் குவியல்தான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் அவருடைய வேலையின் பயத்தை நான் தெரிந்துகொண்டேன். எண் தாமதமாக வருவதுதான் பிரச்சினை என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் இல்லை என்றார். எதிர் மனையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டினார்.

“கல்லு லேட்டா வருதுன்னு வைங்க. எல்லாரும் கொஞ்சம் மெதுவாப் பண்ணா சரியாப் போயிடும். கையில இருக்கற கல்லக் குடுக்கறதுக்குள்ள அடுத்த கல்லு வந்துட்டா? ரெண்டும் கீழ விழும். அதுக்கு மெதுவாப் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. சிப்புலயும் அதான். லேட்டா வந்தா பொழச்சிக்கலாம். சீக்கிரமா வந்துட்டாதான் ஆபத்து. செஞ்சி வந்த பிறகு அத யாராலயும் சரி பண்ண முடியாது.”

அந்த வகைத் தவறு ஒன்று எங்கள் சிப்பில் இருக்கலாம் என்று அவர் கண்டுபிடித்தது, வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பச் சில நாட்களே இருந்தபோது. எல்லாச் சோதனைகளும் தேறியிருந்தன. பெங்களூர் அலுவலகத்தில் கேக் வெட்டக்கூட ஆயத்தம் நடந்தது. அவர் மட்டும் கணினி தந்த முடிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பின் இரண்டு பெரிய பகுதிகள் சேரும் எல்லை ஒன்றில், இந்த வழிகளைப் பார்க்க வேண்டாம் என்று எப்போதோ யாரோ கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பழைய வடிவமைப்புக்கு அது சரி. நடுவில் அந்த எல்லை மாறியது. சொல்லி வைத்தது மாறவில்லை. பார்க்காத இடத்தில் எப்படித் தவறு தெரியும்? அவர் அந்தத் தடையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். சிப் குளிர்ந்து, மின்னழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும் நிலையில், எண்கள் அந்த எல்லையை ஒரு துளி முன்னதாகக் கடந்தன.

அவர் மின்னஞ்சல் எழுதினார். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் துளி மிகச் சிறியது, நிஜத்தில் அப்படி ஒரு நிலை வரவே வராது என்று இரண்டு பேர் பதில் போட்டார்கள். தொழிற்சாலையில் எங்களுக்கு ஒதுக்கிய முறையை விட்டால் அடுத்தது பல வாரம் கழித்துத்தான். வாடிக்கையாளர்களுக்கு நாள் சொல்லியாகிவிட்டது.

கடைசி ஒப்புதல் கூட்டம். மேனேஜர் ஒவ்வொரு பிரிவாகப் பெயர் சொல்லி, அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் ஓகே என்றார்கள். நானும் என் பிரிவுக்குச் சொன்னேன். பிறகு சார் பெயர் வந்தது. அவர் வழக்கம்போல் பேசாமல் இருந்தார். மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்தவர் பெயருக்குப் போனார்.

அவர் அப்படித்தான் என்று மேனேஜருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மைக்கைப் போட்டு, “சார் இன்னும் பேசல. கொஞ்சம் இருங்க” என்றேன். அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் நின்றார்கள்.

பிறகு அவர் பேசினார். தன்னால் ஒப்புதல் தர முடியாது என்றார். அந்த எல்லையில் எண்களைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் சின்னச் சுற்றுகளை வைக்க வேண்டும், அதற்கு இரண்டு வாரம் வேண்டும் என்றார். தவறு நிச்சயமாக நடக்கும் என்று சொல்ல முடியுமா என்று மேனேஜர் கேட்டார். அதற்கும் ஒரு இடைவெளி விட்டு, “முடியாது” என்றார் அவர். “நடக்காதுன்னும் சொல்ல முடியாது.”

அவருடைய பொய் சொல்லாத குணத்தை நான் அன்று கொஞ்சம் வெறுத்தேன். நடக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாகியிருக்கும்.

இரண்டு வாரம் கொடுத்தார்கள். அவர் சுற்றுகளை வைத்தார். தொழிற்சாலை முறை தவறியது. சிப் பல வாரம் பிந்திப் போனது. கம்பெனியில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் அந்தத் தாமதம் அவர் பெயரோடு சேர்ந்தே வந்தது. கூட்டங்களில் அவரிடம் கேள்வி கேட்பது குறைந்தது. கேட்டால்தானே காத்திருக்க வேண்டும்.

சிப் தொழிற்சாலையில் இருந்த மாதங்களில் அவர் மனைவி இறந்துபோனார். மறுபடி வாதம் வந்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார் என்று தகவல் வந்தது. நான் போனபோது வீட்டு முன் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்கள், எல்லாம் அண்ணாமலையார் விட்ட வழி, கஷ்டப்படாம போயிட்டாங்க என்று சொல்லிவிட்டு சாரின் பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறக்கும்போது எதிரில் வேறு ஆள் நிற்பார். அப்படியே மூடிக்கொள்வார். நான் ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப் வந்ததும் சோதிக்க நான் பெங்களூர் போனேன். முதலில் ஒரு பகுதி, பிறகு பாதி, பிறகு மொத்தமும். குளிர்ப் பெட்டிக்குள் வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டி, வேண்டுமென்றே அந்த எல்லையையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. ஆய்வகத்திலிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

“எல்லாம் ஒண்ணா ஓடுச்சா?” என்று கேட்டார்.

ஓடுச்சு சார் என்றேன். அந்த எல்லையைப் பற்றி அவர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். சரிம்மா என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் கேக் வெட்டும்போது மேனேஜர், ஒன்றுமில்லாததற்கு எத்தனை வாரம் போயிற்று பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பதில் சொல்லப் போனேன். சார் வைத்த சுற்றுகள் இல்லாத சிப் ஒன்று எங்கும் இல்லை. அதனால் அவர் காப்பாற்றினாரா, வீணாகப் பயந்தாரா என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவரிடமும் இல்லை.

அடுத்த ஆட்குறைப்பில் அவர் பெயர் இருந்தது. வேகமாக முடிவெடுப்பவர்கள் தேவை என்று காரணம் சொன்னார்களாம். இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே வேறு ஏதோ சின்ன வேலை பார்க்கிறார் என்று கேள்வி.

போவதற்கு முந்திய வாரம் நான் அவரைப் பார்க்கப் போனேன். பிற்பகல். வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. சமையல் அக்காவை நிறுத்திவிட்டிருந்தார். அவரே டீ போட்டு வந்தார். பின்கட்டுப் படியில் உட்கார்ந்தோம். ஆட்குறைப்பைப் பற்றி நான் கோபமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் வழக்கம்போல் காத்திருந்தார். பிறகு என் பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார்.

மனைவிக்கு இரண்டாம் முறை வாதம் வந்தது காலையில். அந்த அம்மா இதே பின்கட்டில் நாற்காலியில் இருந்தார். அவர் கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா எதையோ சொல்ல வந்தார்.

“இன்னைக்குன்னு ஆரம்பிச்சா. அவ்ளோதான். நின்னுடுச்சு. வார்த்த தேடறான்னு நெனச்சேன். எப்பவும் மாதிரி மலையப் பாத்துட்டு இருந்தேன். அவளுக்கு அவசரம் வரக்கூடாதுன்னு பீன்ஸ் அரிஞ்சிட்டே இருந்தேன். முழுசா அரிஞ்சி முடிச்சேன்மா. அப்புறந்தான் திரும்பிப் பாத்தேன்.”

அந்த அம்மாவின் முகம் ஒரு பக்கமாக இறங்கியிருந்ததாம். கண் திறந்தே இருந்ததாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்றாராம். எல்லோரிடமும் சொல்வதுதான், அதற்கு அர்த்தம் இல்லை என்று தங்கை சொன்னாராம்.

“சீக்கிரத்துக்கே பயந்து பயந்து பழகிட்டேன்” என்றார். அதைத் தவிர வேறு விதமாக அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவில்லை. அழவுமில்லை.

எனக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. உங்கள் தப்பில்லை சார், முதல் வாதத்துக்கு அப்புறம் அவங்க பேசினதே உங்களாலதான் சார் என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. எதுவும் அவருக்குப் போதாது என்று தெரிந்தது. டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் மனை வீட்டில் பூச்சு வேலை முடிந்து வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் ஏதோ பாட்டு.

“என்ன சொல்ல வந்தான்னு தெரியலம்மா” என்றார். “அன்னைக்கு அவ தம்பி வர்றேன்னு சொல்லியிருந்தான். இன்னைக்குத் தம்பி வருவான்னு சொல்ல வந்தாளா? பால்காரர் வரல. இன்னைக்குப் பால் வரலன்னா? இன்னைக்குக் குளிரு ஜாஸ்தின்னு இருக்கும். இருந்துச்சு. சால்வகூட எடுத்து வெக்கல நானு.” மலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “இன்னைக்குக் கடல வேகவைக்கலாமான்னு கேட்டிருப்பாளோ? நீங்க குடுத்தது இருந்துச்சு. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்க வந்தாளா?”

மனைவிக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காத மனிதர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, அன்னைக்குப் புதன்கிழமை சார் என்றேன்.

“ஆமா” என்றார் உடனே. “புதன்கிழமதான்.”